அங்குலத்துக்கு இரண்டு சென்ட்

அந்த ரசீது இப்போது எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. கோடு போட்ட மஞ்சள் தாள், பென்சில் எழுத்து. 36-ஐ 45-ஆல் பெருக்கினால் 1,620 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 2 சென்ட். மொத்தம் 32 டாலர் 40 சென்ட். அடியில் தேதியும் கையெழுத்தும்.

இதை என் கையில் கொடுத்தபோது எனக்கு முகம் வாடிவிட்டது. கொடுத்தவர் எதிர் வீட்டு அம்மாள். ஒன்றரை மாதமாகத் தினமும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ரசம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறேன். என் பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை தைத்துவிட்டு, அதை அளந்து, பெருக்கி, காசு கேட்பாரா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதே தாளைத் தொலைந்துவிடக் கூடாதே என்று நான் இப்போது பஞ்சாங்கத்துக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

பெண்ணின் பிரசவத்துக்காகப் போன பயணம் அது. டிசம்பர் முதல் வாரம் திருவனந்தபுரத்தில் கிளம்பி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சுப்பீரியர் ஏரிக்கரை ஊர். பரப்பளவில் உலகிலேயே பெரிய நன்னீர் ஏரி. எங்கள் வலியசாலையில் மார்கழி விடியற்காலை 22, 23 டிகிரி இருக்கும். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு காந்தளூர் மகாதேவர் கோயிலுக்குப் போய்விட்டு, "இந்த வருஷம் என்ன குளிர்!" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வோம். டுலூத்தில் சில காலைகளில் மைனஸ் 20. சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடும். பிறந்தது முதல் வெயிலோடு வாழ்ந்த உடம்புக்கு, குளிரைவிட அந்த இருட்டுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஜன்னலில் நின்றால் எதிர் வீட்டின் அடித்தளத்தில் மட்டும் வெள்ளையாக விளக்கு எரியும். பனிக்குவியலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தெரிகிற அந்த வெளிச்சத்தில், யாரோ இடமும் வலமுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். காலை எட்டு மணிக்கும் நடை, மத்தியானம் மூன்று மணிக்கும் நடை. "அவங்க லாங்ஆர்ம் குயில்டர்மா" என்றாள் என் பெண். எனக்குப் புரியவில்லை. "போர்வை தைக்கிறவங்க. மத்தவங்க பாதி தைச்சுக் கொண்டுவர்றதை முடிச்சுக் கொடுப்பாங்க."

பாதி தைத்த போர்வை என் பெட்டியிலும் ஒன்று இருந்தது.

எங்கள் அக்ரஹாரத்தில் பிறக்கிற குழந்தைக்கு முதல் பத்து நாள் புதுத்துணி கிடையாது. புண்யாகவாசனம் ஆகிறவரை பழந்துணிதான். தோய்த்துத் தோய்த்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட வேஷ்டியையும் ஒன்பது கஜப் புடவையையும் மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுவிட்டால் குழந்தைக்கு மெத்தை தயார். என் அம்மாவுக்கு அதில் நல்ல கை. தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் ஏழாம் மாதமே அம்மாவிடம் பழந்துணி வந்துவிடும். அம்மாவுக்கு இப்போது 84 வயது. கொள்ளுப்பேரன் வருகிறான் என்றதும் பழைய உஷா மெஷினைத் துடைத்து வைத்து, அப்பாவின் பாலராமபுரம் வேஷ்டிகளையும் தன்னுடைய மதுரைச் சுங்குடிப் புடவையையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டித் தைத்துக் கொடுத்தாள். மேல்துணி மட்டும்தான் அவளால் முடிந்தது. "அடித்துணியும் பஞ்சும் நீ வெச்சுத் தைச்சுக்கோடீ. ஓட்டுத்தையல் போட எனக்கு இனிமே கண்ணு போறாது."

பாலராமபுரம் வேஷ்டி என்றால் எங்களுக்கு உறவுக்காரத் துணி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில், 1798-லிருந்து 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தமிழ் மண்ணிலிருந்து சாலியர்களை அழைத்து வந்து குடியேற்றினார்கள். ஊருக்கே ராஜாவின் பெயர். நாங்கள் பூஜைக்கும் பஞ்சாங்கத்துக்குமாக மலை தாண்டி வந்த தமிழர்கள், அவர்கள் தறியோடு வந்த தமிழர்கள். 2009-ல் அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேஷ்டியின் சதுரங்கள்தான் டுலூத்தில் என் பெட்டிக்குள் இருந்தன.

நிற்கும் துணி, நடக்கும் மெஷின்

முதல் நாள் அவர் வீட்டு அடித்தளத்தில் இறங்கியபோது எனக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. 12 அடி நீள இரும்புச் சட்டம். அதில் குறுக்கே உருளைகள். ஓர் உருளையில் அடித்துணி, இன்னொன்றில் மேல்துணி, முடிந்தது சுருட்டிக்கொள்ள மூன்றாவது. நடுவில் பஞ்சு விரிப்பு தொங்கும். இந்த மூன்று அடுக்குக்கும் மேலே, தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டி மாதிரி, சக்கரங்களில் நிற்கிறது தையல் மெஷின். வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். இதில் 26 அங்குலம். கை நீளமாக இருப்பதால்தான் லாங்ஆர்ம் என்று பெயர்.

நம் வீட்டு மெஷின் ஓர் இடத்தில் நிற்கும், துணியை நாம் தள்ளுவோம். இதில் துணி அசையாது. மெஷினைப் பிடித்துக்கொண்டு மனுஷி நடக்கிறாள். இரண்டு கைப்பிடிகளைப் பற்றி, காகிதத்தில் பேனாவை ஓட்டுவதுபோலத் துணிமேல் ஊசியை ஓட்டுகிறாள். சுழி, இலை, இறகு, அலை என்று எது வேண்டுமானாலும் வரையலாம். கை வேகமாகப் போனால் ஊசியும் வேகமாக இறங்கும், மெதுவாகப் போனால் மெதுவாக இறங்கும். சக்கரத்தின் ஓட்டத்தை அளந்து, அங்குலத்துக்குப் பத்துத் தையல் மாறாமல் விழும்படி பார்த்துக்கொள்கிற கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. அது வந்த பிறகுதான் இந்தத் தொழில் சாதாரண வீட்டுப் பெண்களுக்குக் கைகூடியது என்றார் அந்த அம்மாள்.

போர்வை முழுவதும் ஒரே சித்திரம் ஓடவேண்டும் என்றால் வேலை பின்பக்கத்தில். மேஜைமேல் நீளக் காகிதத்தில் கோலம் இருக்கும். மெஷினோடு இணைத்த சிவப்பு லேசர்ப் புள்ளி அதன்மேல் விழும். புள்ளி கோட்டைவிட்டு விலகாமல் கையால் நடத்திக்கொண்டு போகவேண்டும். தையல் விழுவது அந்தப் பக்கம், அவர் பார்ப்பது இந்தப் பக்கத்துக் காகிதத்தை. ஒரு வரிசை முடிந்ததும் முன்னால் ஓடிவந்து நூல் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். துணியின் அடியில் கையை விட்டு விரலால் தடவுவார். நூலின் டென்ஷன் தளர்ந்திருந்தால் அடியில் சிறு கண்ணிகள் தட்டுப்படும். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய நாளை நான் ஒன்றரை மாதம் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலை, வாசலில் பனி தள்ளுவது. வாடிக்கையாளர் வழுக்கி விழக்கூடாது. அடுத்தது, அடித்தளத்தில் ஹீட்டர் போடுவது. அதன் பிறகுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்த வேலை. ஓர் எந்திரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். அது அறையில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டைச் சூடாக்கச் சூடாக்கக் காற்று வறண்டுபோகும். வறண்டால் துணியில் மின்சாரம் ஏறும். பஞ்சு விரிப்பு கையிலும் சட்டத்திலும் ஒட்டிக்கொள்ளும், நூல் காற்றில் எழும்பித் தவறான இடத்தில் சுற்றிக்கொள்ளும், பருத்தி நூல் பட்டென்று அறும், இரும்பைத் தொட்டால் பொறி பறக்கும். சுவரில் ஈரப்பதம் காட்டும் முள் 40-க்குக் கீழே போகவிடமாட்டார். சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கிற வலியசாலையில் இருந்து போனவள் நான். ஒரு மனுஷி காற்றில் ஈரம் வேண்டும் என்று காலை எழுந்ததும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். குளிரில் எண்ணெய் தடித்திருக்கும் என்பதால் நூல் கோக்காமல் சில நிமிஷம் வெறுமனே ஓடவிடுவார். அன்றைக்கு வேண்டிய பாபின்களை ஒரே மூச்சில் சுற்றி வரிசையாக வைத்துக்கொள்வார். எட்டு மணிக்கு ஊசி இறங்கும். பன்னிரண்டரைக்கு சூப். மறுபடி நடை. சிமெண்ட் தரையின் சில்லிப்பு ஏறாமலிருக்க ரப்பர் விரிப்பு, காலில் இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ். தோள்பட்டை வலிக்குச் சூடான அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொள்வார். நம் ஊர் வைத்தியம் மாதிரியே இருந்தது.

கை விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் குளிரில் விரல் நுனி வெடித்துவிடும். வெடித்த தோலில் நூல் மாட்டும், துணியில் ரத்தப் புள்ளி விழும். ஆனால் பகலில் களிம்பு தடவ முடியாது. பிறத்தியார் துணியில் எண்ணெய்க் கறை பட்டால் அவ்வளவுதான். அதனால் ராத்திரி படுக்கும்போது களிம்பைப் பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குவார். தபாலில் வந்த பெட்டியையும் உடனே பிரிக்கமாட்டார். ராத்திரி முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிடுவார். வெளியே உறைந்து கிடந்த துணியைச் சூடான அறையில் சட்டென்று பிரித்தால் அதன்மேல் ஈரம் பூத்துவிடுமாம்.

கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கவேண்டிய போர்வைகளை அக்டோபர் நடுவிலேயே வாங்குவதை நிறுத்திவிடுவார். நான் போனபோது அலமாரியில் பதினான்கு மிச்சம் இருந்தது. ஒன்று முடிந்ததும் பெயர்ச்சீட்டைக் குண்டூசியோடு எடுத்து டப்பாவில் போடுவார். கிறிஸ்துமஸ் முடிந்தால் ஓய்வு என்று நினைத்தேன். ஜனவரியில்தான் கூட்டம். பனியில் வீட்டுக்குள் அடைந்த பெண்கள் எல்லோரும் மேல்துணி தைத்து முடித்துக் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. கணவரை இழந்தவர். அவருடைய சட்டைகளை வெட்டி 48 சதுரமாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு சதுரத்தில் சட்டைப்பை அப்படியே இருந்தது, மூலையில் பேனா மையின் நீலக் கறையோடு. "பையைத் தைத்து மூடிவிட வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதிர் வீட்டு அம்மாள் அந்தப் போர்வையை இரண்டு நாள் சட்டத்தில் ஏற்றாமல் வைத்திருந்தார். பிறகு லேசர் இல்லாமல் முன்பக்கம் நின்று கையாலேயே ஓட்டினார். பைக்கு அரை அங்குலம் தள்ளி ஒரு கோடு, அதற்கு வெளியே இன்னொன்று, குளத்தில் கல் விழுந்த வட்டங்கள்போல. பை திறந்தே இருந்தது. கை நுழைகிற அளவுக்கு.

யார் பெயர்?

இந்த மெஷினுக்கு வயது அதிகமில்லை. மிசோரி மாநிலத்து வெஸ்ட் ப்ளெயின்ஸ் என்ற சிற்றூரில், கேமில் என்ற நிறுவனம் 1980-களில்தான் வீட்டில் வைத்துக் கையால் ஓட்டுகிற லாங்ஆர்ம்களைச் செய்து விற்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது முழுக்கக் கைவேலை. பெரிய சட்டத்தைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தைப்பார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து உதவி, அல்லது தேவாலயத்து நிதிக்காக. கூலிக்குத் தைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு எத்தனை கஜம் நூல் செலவானதோ அதைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நூலை அளந்தார்கள், நேரத்தை யாரும் அளக்கவில்லை.

மெஷினில் தைத்தது குயில்ட்டே ஆகாது என்று கைத்தையல்காரர்கள் வெகுகாலம் மூக்கைச் சுளித்தார்கள். 1989-ல் கென்டக்கி மாநிலம் படூகாவில் நடந்த அமெரிக்கக் குயில்டர்கள் சங்கக் கண்காட்சியில், காரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த 'கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்' முதற்பரிசு பெற்றது. மெஷின் தையலுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. டுலூத்திலேயே கரேன் மக்டாவிஷ் என்ற லாங்ஆர்ம் கலைஞர் இருக்கிறார். அலையும் கூந்தல் இழைகள் மாதிரி அவர் ஓட்டுகிற தையலுக்கு அவர் பெயரே வழங்குகிறது. 2008-ல் மிசோரியின் ஹாமில்டன் என்ற குட்டி ஊரில், பொருளாதாரச் சரிவில் சேமிப்பை இழந்த குடும்பம் ஒன்றில், பிள்ளைகள் தாய்க்கு ஒரு லாங்ஆர்ம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தாய் ஜென்னி டோன். அதிலிருந்து வளர்ந்ததுதான் மிசோரி ஸ்டார் குயில்ட் கம்பெனி. ஒரு போர்வையை முடித்து வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு அந்த யோசனை வந்ததாம். நம் ஊரிலும் இந்தக் கலைக்கு ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது.

இருந்தாலும், பரிசும் புகழும் வராத இடத்தில் லாங்ஆர்ம்காரருக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் போர்வையைப் பரிசளிப்பவர் மேல்துணி தைத்தவர். "நான் தைத்தேன்" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் மூன்று துணிகள் ஒன்றாகி, தூக்கினால் சரியாத, துவைத்தால் பஞ்சு உருளாத போர்வையாக ஆனது இன்னொருத்தி கையில். கண்காட்சிகளில் இப்போது இரண்டு பெயரும் போடுகிறார்கள். வீடுகளில் போடுவதில்லை.

எதிர் வீட்டு அம்மாளின் தையல் பெட்டியில் அவர் பாட்டி காலத்து மர நூற்கண்டு ஒன்று இருந்தது. அதில் கோட்ஸ் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நான் கூவிவிட்டேன். ஸ்காட்லாந்தின் பேஸ்லி ஊரில் பிறந்த அந்த நூல் கம்பெனிக்கும் எங்கள் பொதிகை மலைக்கும் சம்பந்தம் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் திருவனந்தபுரம், அந்தப் பக்கம் விக்கிரமசிங்கபுரம். ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரை நம்பி 1885-ல் அங்கே தொடங்கிய பஞ்சாலைதான் பின்னால் மதுரா மில்ஸோடு சேர்ந்து, 1974-ல் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. அம்மாவின் உஷா மெஷினில் ஓடியது அந்த நூல்.

இன்னும் பின்னால் போனால் சம்பந்தம் ஆழமானது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்களின் படுக்கை விரிப்பாகவும் குயில்ட்டாகவும் ஆனவை சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள். சாயவேரின் சிவப்பு துவைத்தாலும் போகாது. அந்த நிறம் நிற்கும் வித்தை அப்போது ஐரோப்பாவுக்குத் தெரியாது. தங்கள் நெசவாளர்கள் நொடித்துப்போகிறார்கள் என்று பிரான்ஸ் 1686-லும், இங்கிலாந்து 1700, 1721 சட்டங்களாலும் இந்தத் துணிகளைத் தடுத்துப் பார்த்தன. அந்தப் பூவையும் கொடியையும் வரைந்த ஒரு கையின் பெயராவது யாருக்காவது தெரியுமா? துணிகள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுப்போர்வை இந்தக் கேள்விக்கு அழகான பதில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மழையும் குளிருமான மலையில், பழந்துணியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரிவரியாகத் தைத்துக்கொண்டே போவார்கள். முடிக்கும்போது நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைப்பார்கள். அந்தப் பூ வைக்காத போர்வை அம்மணமாக நிற்கிறது என்பது அவர்கள் கணக்கு. தைத்தவள் வேலையை முழுதாக முடித்துவிட்டாள் என்பதற்கு அது அடையாளம்.

அந்த ரசீது

குழந்தை பிறந்து மூன்றாவது வாரம், அம்மாவின் மேல்துணியை எடுத்து ராத்திரிகளில் கையால் ஓட்டுத்தையல் போட ஆரம்பித்தேன். இரண்டு வரிசையில் விரல் மரத்துவிட்டது. வேஷ்டிச் சதுரம் ஓரிடத்தில் இழை விட்டுவிட்டது. எதிர் வீட்டு அம்மாளிடம் கொண்டுபோனேன். அவர் உடனே மெஷினில் ஏற்றவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சதுரமாகத் தடவி, நைந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டார். "உங்கள் அம்மா தையல் தெரிந்தவர். நேர்கோடு எதுவும் நழுவவில்லை" என்றார். இழை விட்ட வேஷ்டிக்கு அடியில் மெல்லிய துணி கொடுத்துத் தாங்கினார். அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வேண்டும் என்று என்னையே அளந்து வெட்டச் சொன்னார். பழந்துணிக்கு நெருக்கமான தையல் ஆகாது, இழுத்துக் கிழித்துவிடும் என்று பெரிய பெரிய அலைகளாக ஓட்டினார். வெளியே பனிப்புயல். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் மெஷின் அப்படியே நின்றது. இருவரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அப்பாவின் வேஷ்டிக்குள் ஊசி நிற்கிற இடத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்ததும், அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு தையல் பின்னால் போய் எடுத்துத் தொடர்ந்தார். இப்போது தேடினாலும் அந்த இடம் தெரியாது.

அடுத்த நாள் போர்வையோடு கொடுத்தார், ரசீது.

என் முகத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நான் போனபோது, அலமாரியிலிருந்து தடித்த நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். முதல் போர்வையிலிருந்து எல்லாமே எழுதியிருந்தது. யாருடையது, நீளம், அகலம், சதுர அங்குலம், தொகை. தன் சொந்தப் பெண்ணுக்குத் தைத்ததும் ரசீதோடு இருந்தது. "என் அம்மா வாழ்நாள் முழுக்கக் கையால் தைத்தாள். தேவாலயத்துக்கு, உறவுக்கு, ஊருக்கு. ஒருவரும் ஒரு காசு கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அவள் போன பிறகு மொத்தம் எத்தனை தைத்தாள் என்று பேசிக்கொண்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களிடம் வாங்காமல் விட்டிருந்தால், அடுத்த துணியைக் கொண்டுவர நீங்கள் கூச்சப்பட்டிருப்பீர்கள்" என்றார்.

அது உண்மை. நான் கூச்சப்பட்டிருப்பேன்.

எனக்கு அப்போது ஈலா பட்டின் வேலை ஞாபகத்துக்கு வந்தது. 1972-ல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா சங்கத்தை அவர் தொடங்கிய பிறகு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், தரியாப்பூர் பகுதியில் வீட்டுக்குள்ளிருந்தே தைக்கிற முஸ்லிம் பெண்களைச் சந்தித்தார். மில்களின் கழிவுத் துண்டுகளை வியாபாரிகள் கொண்டுவந்து போடுவார்கள். பெண்கள் அவற்றைச் சேர்த்துப் போர்வை உறைகள் தைப்பார்கள். கூலி, ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று வியாபாரி வைத்ததுதான். பெண்கள் கொஞ்சம் கூட்டிக் கேட்டபோது வியாபாரிகள் வேலை கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். சேவா நேராக மில்லிலிருந்தே துண்டுத் துணி வாங்கிப் பெண்களிடம் கொடுத்தது. அதிலிருந்து சபீனா கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்க 1996 ஆனது. வீட்டுக்குள் நடப்பதால் அது வேலையாகவே கண்ணில் படுவதில்லை என்பதைத்தான் அவர் ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். டுலூத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டும் வரை எனக்கு அது மண்டையில் ஏறியிருக்கவில்லை. என் தாயே அப்படி ஒரு வேலைக்காரி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மார்ச்சில் வலியசாலை திரும்பினேன். கிள்ளியாற்றுப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்று முகத்தில் பட்டதும்தான் மூச்சு வந்தது. போர்வையின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்பாவின் வேஷ்டிக்கரை எந்தச் சதுரத்தில் வந்திருக்கிறது என்று விரல் வைத்துக் கண்டுபிடித்தாள். பிறகு தயங்கித் தயங்கி ரசீதை எடுத்தேன்.

"பணம் வாங்கினாளா?"

"வாங்கினா அம்மா."

"வாங்கட்டும். வேலை செஞ்சிருக்காளோன்னோ." தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதென்ன அங்குலத்துக்கு ரெண்டு? சதுர அங்குலம்னா எத்தனைடீ?"

மேஜையில் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டினேன். அம்மா அதன்மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். எழுந்துபோய் மெஷின் டிராயரிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்தாள். பரணில் இருந்த ஒரு பழைய குழந்தை மெத்தையை எடுக்கச் சொன்னாள். நான் படுத்தது. நைந்து, நடுவில் மஞ்சள் பூத்திருந்தது. அகலம் 18, நீளம் 24.

"பெருக்கு."

"432. அவா கணக்குல எட்டு டாலர் 64 சென்ட்."

"அதை விடு. எத்தனைன்னு முதல்ல பார்ப்போம். எழுது." நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கோயில் பக்கத்திலிருந்து தெருவை வீடு வீடாக எண்ண ஆரம்பித்தாள். "கோடியாத்துல மூணு. வாத்தியாராத்துல நாலு, அதுல ஒண்ணு தங்கலை, அதையும் எழுது. டாக்டராத்துல ரெண்டு..." எழுத எழுதப் பழைய டைரியில் ஒரு பக்கம் நிரம்பியது. நாற்பத்தொன்றாவது வரியில் நிறுத்தி, கண்ணை மூடி யோசித்தாள்.

"இரு இரு. மேலாத்து இரட்டைக் குழந்தைகளை விட்டுட்டேன். ரெண்டுக்கும் சேர்த்துப் பெரிசா ஒண்ணுதான் தைச்சேன். அதோட அளவு வேற. போட்டுக்கோ."